தங்கவேல் சார் விட்டுப்போன மூன்று அட்டைகள்

உண்மை பேசி ஒரு நல்ல மனிதரின் வேலையைப் போக்கியவன் நான். பொய் சொல்லிக் கெடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஏதாவது லாபமாவது இருந்திருக்கும். என்னுடையது லாபமில்லாத கேடு. அதையும் யாரும் கேட்காமல், இஸ்திரி போட்ட சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போய், முதலாளியின் எதிரே கைகட்டி நின்று செய்தேன்.

போன மாதம் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு என்னுடையது. எங்கள் சர்வர்களையெல்லாம் எங்கோ வெளியூரில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அறையைக் காலி செய்தபோது இரும்பு பீரோவுக்குள் கட்டுக்கட்டாக அட்டைகள் கிடந்தன. "சார், இது துணி ஒட்டற ஷேட் கார்டுதானுங்களே, இதுல எதுக்குங்க இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா ஒட்டி வெச்சிருக்குது?" என்று ஜூனியர்கள் கேட்டார்கள். அப்போது "பழசு, எடைக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

கல்லூரியில் கணிதம், அவிநாசி ரோட்டில் ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர், ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் டேட்டா என்ட்ரி. என் பயிற்சிக் காலம் இதற்கு மேல் ஒரு வாக்கியத்தைத் தாங்காது. பிறகு திருப்பூரிலேயே இந்தப் பின்னலாடைக் குழுமத்தில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. வேலம்பாளையத்தில் தையலும் பேக்கிங்கும், பல்லடம் ரோட்டில் நிட்டிங், குண்டடத்துக்குப் பக்கத்தில் நூற்பாலை என்று சிதறிக் கிடந்த யூனிட்டுகளில் மொத்தம் ஒன்பது சர்வர்கள் ஓடின. கூலிச் சீட்டு, பேக்கிங் லிஸ்ட், அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பார்கோடு லேபிள் எல்லாம் அவற்றிலிருந்துதான் வரும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சை எடுப்போம். ஒரு வருடப் பஞ்சில் ஒரு தலையணை தைத்திருக்கலாம்.

அந்த சர்வர்களில் லினக்ஸ் இருந்தது. அதற்குப் புதிய நிரல்களும், பழைய நிரல்களின் ஓட்டையை அடைத்த பதிப்புகளும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். ஒன்பது சர்வர்களும் தனித்தனியாக இன்டர்நெட்டுக்குப் போய் ஒரே பேக்கேஜை ஒன்பது முறை இறக்க ஆரம்பித்தால், எங்களிடமிருந்த மெலிந்த இணைப்பு மூச்சுத் திணறி, வெளிநாட்டு பையரின் மெயில் பாதியில் நின்றுவிடும். அதனால் தலைமை அலுவலகத்தில் ஒரு மெஷின் மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். ஒன்பதும் தினம் காலை ஐந்து மணிக்கு அதனிடம் வந்து, புதிதாக என்ன இருக்கிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். இந்தச் சேமிப்புக்கு ரெப்பாசிட்டரி என்று பெயர். எங்கள் வாயில் ரெப்போ. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அங்கே வைத்தது நல்லதா கெட்டதா என்று சர்வர்கள் கேட்காது. வைத்தவனை நம்பி எடுத்துக்கொள்ளும். அப்படி நம்பக் கூடாத ஆட்களும் வைப்பார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

எங்கள் மேனேஜர் தங்கவேல் சார் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. சாயப்பட்டறை லேபில் பதினைந்து வருடம் ஷேட் பார்த்தவர். துணியின் துண்டை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அரைக் கண்ணு செவப்பு கூடுதலுங்க" என்று சொல்லக்கூடியவர். இந்தத் தொழிலில் ஒரு லாட் துணியை வெட்ட வேண்டுமானால், அதன் துண்டை அட்டையில் குத்தி, பார்த்தவரும் அனுமதித்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். லேபிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு வந்தபோது சார் அந்த அட்டைகளையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

ரெப்போவில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றுக்கு 'கிரே' என்று பெயர் வைத்தார். சாயம் ஏறாத துணிக்கு நாங்கள் சொல்லும் பெயர். இன்னொன்று 'பாஸ்'. இறக்கிய பேக்கேஜ் முதலில் கிரேயில் கிடக்கும். அதை எங்கள் அறையிலிருந்த ஒரு பழைய மெஷினில் ஏற்றி ஏழு நாள் ஓட்ட வேண்டும். அந்த மெஷினுக்குப் பெயர் 'சாம்பிள்'. எட்டாம் நாள் அதில் ஒரு கூலிச் சீட்டு எடுக்க வேண்டும், ஒரு பேக்கிங் லிஸ்ட் எடுக்க வேண்டும், ஒரு லேபிள் அடித்து ஸ்கேனரைக் காட்டி 'பீப்' சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு அட்டை.

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். அந்த ரேகையைச் சின்னத் தாளில் அச்சடித்து, துணித்துண்டு குத்தும் இடத்தில் குத்துவோம். பிறகு நான் திரையைப் பார்த்து வாசிப்பேன்: "ஏ, நாலு, எஃப், எஃப், ஒம்பது." அவர் அட்டையில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே பென்சிலால் புள்ளி வைப்பார். முப்பத்திரண்டு புள்ளிகள். கம்ப்யூட்டரே இதை ஒரு நொடியில் ஒப்பிட்டுச் சொல்லிவிடும் என்று சேர்ந்த புதிதில் அவருக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அது பாக்குமுங்க அந்தோணி. ஆனா நாம பாத்தமானு அதுக்குத் தெரியாதுங்களே."

எல்லாரிடமும் அவர் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சொன்னபடி கேட்காத பிரிண்டரிடம்கூட "ஏனுங்க, இன்னிக்கும் மக்கர்ங்களா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். அவர் என்னை 'அந்தோணி சாருங்க' என்று கூப்பிட்ட நாட்களில் நான் டீ குடிக்கப் போவதில்லை. பாராட்டும் அப்படித்தான். ஏழு வருடத்தில் நான் வாங்கிய ஆகப்பெரிய பாராட்டு, "குத்தமில்லீங்க."

எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. சாயப்பட்டறையில் முன்பு ஒருவர், நோம்பிக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் நாலைந்து வெற்று ஷேட் கார்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார். அதில் யாரோ எதையோ குத்தி, ஒரு கன்டெய்னர் நிறைய வேறொரு நீலம் கப்பலேறிவிட்டது. அந்த பையர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து, தப்பு செய்தவனுக்குத் திட்டு. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனுக்கு வாசல். பழைய ஆட்களை விடுங்கள், வாட்ச்மேனுக்குக்கூட இது தெரியும். அந்த வெற்றுக் கார்டுகளைக் கண்டுபிடித்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டியவரே தங்கவேல் சார்தான்.

சாருக்கும் சரஸ்வதி அம்மாவுக்கும் குழந்தைகள் இல்லை. ஒரு நாள் அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், உடனே கோயமுத்தூர் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருக்க வேறு ஆள் கிடையாது. இரண்டு வாரமாவது ஆகும்.

கிளம்புகிற அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் மூன்று அட்டைகள். பேனாவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். பிறகு மூன்றிலும் 'அனுமதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏதாச்சும் பெரிய ஓட்டைனு வந்து, அடைக்காட்டி சர்வருக்குள்ள எவனாச்சும் பூந்துருவானுங்கற நெலமைன்னா மட்டுமுங்க. அப்பவும் எனக்குப் போன் போட்டு ரேகைய வாசிச்சுக் காட்டிட்டுத்தான் எடுக்கோணும்."

"செரிங்க சார்."

"இப்படிப் போடறவன்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு அந்தாளப் போயி நான் காட்டிக் குடுத்திருக்க மாட்டனுங்க."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்தேன். அது வேடிக்கை என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வேலம்பாளையத்திலிருந்து போன். பேக்கிங் இன்சார்ஜ் ரஹீம் பாய். "அந்தோணி, லேபிள் பாதியில நின்னுபோச்சுப்பா. நானும் தட்டிப் பாத்துட்டேன், தடவிப் பாத்துட்டேன். ஷிப்மென்ட் இருக்குது. நீ வந்து ஓதுவியோ என்ன செய்வியோ."

அந்தக் கோளாறுக்கு மருந்து கிரேயில் இருந்தது. அச்சடிக்கும் நிரலின் புதிய பதிப்பு, இறக்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சாம்பிளில் இன்னும் ஏற்றவில்லை. ஏழு நாள் காத்திருந்தால் அதற்குள் ரஹீம் பாய் என்னை உரித்துத் தொங்கவிட்டிருப்பார். சாருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார், அன்றுதான் அம்மாவுக்கு ஆபரேஷன். ஒரு தடவை கூப்பிட்டது போதும் என்று என் மனசு தீர்மானித்தது. அந்த மனசுக்கு நான் இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறேன், ஆனால் அன்றுதான் அதை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மூன்றில் ஓர் அட்டையை எடுத்தேன். ரேகையைக் குத்தினேன். எதிரே பென்சில் பிடிக்க ஆள் இல்லாததால் நானே வாசித்து நானே புள்ளி வைத்தேன். பதினெட்டாவது எழுத்துக்கு மேல் வாசிக்காமலே வைத்தேன். பேக்கேஜ் பாஸுக்குப் போயிற்று.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒன்பது சர்வர்களும் வந்து, நம்பி, எடுத்துக்கொண்டு போயின. லேபிள்கள் நிற்காமல் வந்தன. ரஹீம் பாய் போன் செய்து, "உனக்கு ஒரு பிரியாணி கடன்" என்றார். நானும் பெருமையாக இருந்தேன்.

புதிய பதிப்பு எதையும் இம்மி சுருக்கி அச்சடித்தது. கண்ணுக்குத் தெரியாது. கூலிச் சீட்டில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பார்கோட்டின் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஸ்கேனருக்குப் புரியாமல் போய்விட்டது. பையரின் ஆள் கடைசி ஆடிட்டுக்கு வேலம்பாளையம் வந்து, முதல் பெட்டியில் ஸ்கேனரைக் காட்டினார். சத்தம் இல்லை. பத்தாவது பெட்டி, நூறாவது பெட்டி, எதிலும் இல்லை. சாம்பிளில் ஒரே ஒரு லேபிள் அடித்து அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும்.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, அது நின்றபோதெல்லாம் மறுபடி ஓட்டி லேபிள் அடிக்க, டெய்லர்கள், செக்கிங் பெண்கள், பீகார் பையன்கள் எல்லாரும் உட்கார்ந்து இரண்டு நாள் லேபிளை உரித்து ஒட்டினார்கள். ரஹீம் பாயின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. பிரியாணியைப் பற்றி அவர் பேசவில்லை. கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போயிற்று.

சார் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். சட்டைப் பையில் ஆஸ்பத்திரியின் பார்வையாளர் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. முதலாளி அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தங்கவேலு, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"என்ற கையெழுத்துதானுங்க. தப்பு எம்மேலதானுங்க."

"ஊட்டுல ஒடம்புக்கு முடியாதப்ப, கெளம்பற அவசரத்துல எதுக்குங்க இதையெல்லாம் பாக்கறீங்க? மனசு ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்னு இருந்தா இப்படித்தான் ஆகும்." கொஞ்சம் திட்டினார், கொஞ்சம் பெருமூச்சு விட்டார். "மெஷினுன்னா நாலு தப்பு வரத்தான் செய்யும். இனி ஒரு லேபிள நானே பாக்கறன். போயி அம்மாளப் பாருங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வராந்தாவில் சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பேசாம இருங்க. தீந்துபோச்சு." சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

நான் கத்தோலிக்கன். சின்ன வயதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவன். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இருமுவார், செய்ததைச் சொன்னால் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்வார், வெளியே வந்தால் மனசு வெளுத்து மடித்து வைத்த மாதிரி இருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது ஃபாதரா முதலாளியா என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் செய்த தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கியது நான்கு நாளாக நெஞ்சில் உறுத்தியது. ஐந்தாம் நாள் காலை, முன்னே சொன்ன இஸ்திரிச் சட்டையோடு முதலாளியின் அறைக்குள் போனேன்.

"சார் மேல தப்பே இல்லீங்க. அவுரு அந்தப் பேக்கேஜைப் பாக்கவே இல்லீங்க. முன்னாடியே அட்டையில கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுத்தான் போனாருங்க. நான்தானுங்க எடுத்து எழுதுனேன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டுக்கு ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார்.

"வெறும் அட்டையிலயா?"

அந்த இரண்டு சொற்களில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்குவதற்கு நான்கு நாள் தாமதம், ஒரு நிமிடம் தாமதம், இரண்டும் ஒன்றுதான்.

"மிச்சம் எத்தனை இருக்குது?"

"ரெண்டுங்க."

"எடுத்துட்டு வாங்க."

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். படியிறங்கும்போது கிழித்துப் போட்டிருக்கலாம். நான் கீழ்ப்படிதல் உள்ளவன். பீரோவைத் திறந்து, இரண்டையும் எடுத்து, தூசியைக்கூடத் தட்டி, கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். துணி குத்தும் இடம் வெறுமையாக இருக்க, கீழே தங்கவேல் சாரின் அழகான கையெழுத்து.

அன்று மாலையே சாரை வரச் சொன்னார்கள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. "ஒருத்தருக்கு ஒரு நாயம், இன்னொருத்தருக்கு ஒரு நாயம்னு நான் நடத்த முடியாதுங்க தங்கவேலு. உங்களுக்கே தெரியுமுங்க."

"தெரியுமுங்க" என்றார் சார். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. முன்பு வெற்றுக் கார்டுக்காக வெளியே அனுப்பப்பட்டவரைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் இருவருமே பேசவில்லை. மாதக் கடைசி வரைக்கும் வந்து பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைக்க வேண்டிய ஆள் நான். சம்பளமும் கூட்டித் தந்தார்கள். முதலாளியிடம் உண்மை பேசியவனாம்.

கடைசி நாளன்று அச்சு நிரலின் திருத்திய பதிப்பு சாம்பிளில் ஏழு நாளை முடித்திருந்தது. லேபிள் அடித்தோம். ஸ்கேனர் பீப் என்றது. அட்டையை எடுத்தார், பென்சிலைச் சீவினார், "வாசிங்க" என்றார். நான் வாசித்தேன். இருபதாவது எழுத்தோடு நிறுத்தி எழுந்துவிட்டேன். அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, நான் தண்ணீர் குடித்து வரும்வரை காத்திருந்து, "மறுபடி மொதல்ல இருந்துங்க" என்றார். முப்பத்திரண்டும் முடிந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் நான், அனுமதித்தவர் என்ற இடத்தில் அவர்.

பீரோச் சாவியைத் தரும்போது கேட்டார். "அந்தோணி, மொதலாளிகிட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"அதுக்குத்தானுங்க கேக்கறது."

அவர் என்னை 'அந்தோணி சாருங்க' என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு நான் அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தேன். அட்டை முறையைக் கைவிடவில்லை. எதிரே உட்கார்ந்து வாசிப்பதற்கு வந்த பையன்கள் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பார்த்துவிடும் என்று எனக்கு விளக்கினார்கள். நான் முழுவதும் கேட்டுக்கொண்டேன். சார் ஒரு நூல் கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. அந்தத் தெரு வழியாகப் போகாமல் திருப்பூரில் எங்கேயும் போவது எவ்வளவு சுற்று என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

அவர் இறந்த செய்தி எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வால்வு மாற்றிய சரஸ்வதி அம்மா கதவைத் திறந்தார். எதையும் மாற்றாத சாரின் இதயம்தான் நின்றுபோயிருந்தது.

"வாங்க சாமி, உள்ள வாங்க. அவுரு கம்பெனிக்காரங்களா? உக்காருங்க, காப்பி வெக்கறன்."

வேண்டாம் என்றேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எனக்காக வேலைய உட்டுட்டு வந்த மனுசனுங்க. ஆபரேசன் முடிஞ்சு நான் கண்ணு முழிச்சு பத்து நாளு இருக்கும், 'இந்த மாசத்துக்கு மேல கம்பெனிக்குப் போகுல சரசு, உன்னையப் பாத்துக்கறதே வேலை'ன்னாரு. மொதலாளி எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாராமுங்க. இவுருதான் முடியாதுன்னுட்டாரு. எந்தப் புருசனுங்க இந்தக் காலத்துல அப்படிச் செய்வான்?"

அவர் முகத்தில் பெருமை இருந்தது. மூன்று வாரத் துக்கத்திலும் அது மட்டும் வாடாமல் இருந்தது. என் மூன்று வாக்கியங்களையும் மனசுக்குள் இன்னொரு தடவை வாசித்தேன். அந்த அட்டைகளில் கையெழுத்துப் போட்டது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காக, அதனால்தான் வேலை போயிற்று என்று இவரிடம் சொன்னால் என் மனசு வெளுத்துவிடும். மிச்சத்தை இவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஆமாங்க, மொதலாளி ரொம்பக் கெஞ்சுனாருங்க" என்றேன். நானறிந்து என் உத்தியோக வாழ்க்கை சம்பந்தமாக நான் சொன்ன ஒரே பொய் அது.

"அவுரு இருந்தவரைக்கும் அங்க ஒரு தப்பு நடந்ததில்லீன்னு சொல்லுவாருங்க" என்றார் அம்மா.

"நெசந்தானுங்க."

"நீங்க அங்க என்ன வேலையிலங்க இருந்தீங்க?"

"சாரு பாத்துக் குடுக்கறத எடுத்து, அதனோட எடத்துல வெக்கற வேலைங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்குன்னு தனியா ஒரு ஆளு வெச்சிருந்தாங்களா?"